மொபைலில் மணி பார்க்காத வீடு

எழுத உட்காருவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் கிடையாது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே கேட்காது. ரேஷன் கடையில் கூட என் முறை வந்தபிறகும் பின்னால் நிற்பவரைப் போகவிட்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் எழுதுவதை மற்றவர்கள் நேரம் செலவழித்துப் படிக்க வேண்டுமா என்று நானே யோசித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கதையை என் நாத்தனார் தீவின் வடகோடி டிக்லிபூரிலிருந்து இங்கே போர்ட் பிளேரின் ஜங்லிகாட் வரைக்கும் வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறாள். அவள் சொல்லும் கதையில், அவள் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று நான் அவளை நடுரோட்டில் வைத்துக் கை நீட்டி அடித்தேன். நான் அடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மரியாதைக்கு 'அவர்' என்று போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மனம் வரவில்லை. கிழித்துவிட்டு 'அவள்' என்றே எழுதுகிறேன்.

நாங்கள் போர்ட் பிளேரில் ஷாதிபூரில் இருக்கிறோம். என் கணவருக்கு மெயின்லேண்டுக்கு, அதாவது கடலுக்கு அப்பால் இந்திய நிலப்பகுதிக்குப் போய்வரும் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே போய்விட்டால் அவரிடம் பேச முடியாது. அதனால் கரையில் இருக்கும் நாட்களில் எனக்குப் போனைப் பற்றிப் பாடம் நடத்துவார். ஊரை விட்டுக் கிளம்பினால் டேட்டாவை மூடு. சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா இருக்காது, டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும், அதனால் ஏரோபிளேன் மோட் போட்டுவிடு. ஊர் வந்ததும் எடுத்துவிடு. மேலே மூலையில் 'ஆர்' என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து தெரிந்தால் அது நம்முடைய டவர் இல்லை, வேறு தேசத்து டவர். அந்த நேரத்தில் டேட்டா திறந்திருந்தால் ரீசார்ஜ் பண்ணியது முழுக்க ஒரே மூச்சில் போய்விடும்.

கப்பலில் வேலை பார்க்கும் எல்லார் வீட்டிலும் இந்தப் பாடம் உண்டு. நான் சாயங்காலம் விளக்கேற்றுவது போல இதைத் தவறாமல் செய்து வந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுடைய போன், தோழிகளோடு வண்டூர் கடற்கரைக்குப் போன அன்று உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. ஆக எங்கள் இருவருக்கும் சேர்த்து என் போன் ஒன்றுதான். அவள் நர்சிங் படிக்கக் கேட்டிருந்தாள். தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லேண்ட் கல்லூரிகளில் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். இடம் கிடைத்தால் போனுக்கு மெசேஜ் வரும். அன்றைக்கே சாயங்காலம் ஐந்து மணிக்குள் நெட்டில் அட்மிஷன் பக்கத்துக்குள் போய், போனுக்கு வரும் ஓடிபி எண்ணைப் போட்டு, சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும். அப்பீல் எதுவும் கிடையாது.

என் நாத்தனாருக்கு ஒரு மகன். என் மகளை அவனுக்குக் கட்ட வேண்டும் என்பது அவள் பத்து வருஷமாகச் சொல்லி வருவது. என் மகள் பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவளை 'மருமகளே' என்றுதான் கூப்பிடுவாள். அத்தை முறைக்கு அப்படிக் கூப்பிடுவது சகஜம்தான். ஆனால் அவள் கூப்பிடும்போது ஏதோ கடையில் சொல்லிவைத்த சாமானைப் பற்றிக் கேட்பது போல இருக்கும். என் கணவர் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "மேல படிக்க இடம் கிடைச்சா படிக்கட்டும். கிடைக்கலன்னா அக்கா சொல்ற மாதிரி செஞ்சுடலாம்" என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

கிரகப்பிரவேசமும் மெசேஜ் வர வேண்டிய நாளும் ஒரே நாளில் வந்து விழுந்தன. நான் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அண்ணி, பாப்பாவோட விஷயம் அன்னைக்குத்தான்... நாங்க வீட்டுலயே இருந்துட்டு அடுத்த வாரம் வரட்டுமா?"

"ஏம்மா, டிக்லிபூர்னா என்ன காடா? எங்க ஊர்ல நெட் இல்லையா? என் மவன் பூரா நாளும் அதுலயேதான் கிடக்கான். தம்பியும் இல்ல, நீயும் வரலன்னா பொறந்த வீட்டுலேர்ந்து எனக்கு யாரு வந்தான்னு ஊர் கேக்கும். நான் என்ன சொல்லட்டும், டவுன்காரிக்கு வர நேரமில்லன்னு சொல்லட்டுமா?"

அந்த 'டவுன்காரி'க்காகத்தான் போனேன். போகாமல் இருந்தால் அதையும் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

முந்தின நாள் விடியற்காலை பஸ். ஜிர்காடாங் கேட்டில், பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் போலீஸ் காவலோடு கூட்டமாகப் போகும் கான்வாய்க்காக எல்லா வண்டிகளும் வரிசையில் நின்றன. அங்கிருந்து காட்டுக்குள் சிக்னலும் கிடையாது, போனை வெளியே எடுக்கவும் விடமாட்டார்கள். கேட் திறக்கும் முன் பஸ்ஸில் எல்லாரும் ஒருமுறை போனைத் தடவி அணைப்பார்கள். நானும் டேட்டாவை மூடி, ஏரோபிளேன் போட்டு, பைக்குள் வைத்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்மா" என்றாள்.

வீடு டிக்லிபூர் பஜாரிலிருந்து வடக்கே, கடலோரமாக ஒரு கிராமத்தில். நன்றாகத்தான் கட்டியிருந்தாள். மார்பிள் தரை, உள்ளே நுழையும் இடத்தில் கண்ணாடி வைத்த ஷோகேஸ். சிக்னல் மட்டும் வீட்டுக்குள் எங்கும் இல்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும் என்று அவள் மகன் காட்டினான். காட்டிவிட்டு என் மகளைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்னே பால் காய்ச்சினார்கள். ஐயர் முகூர்த்த நேரம் சொன்னதும் வந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் வழக்கம் போலப் போனை எடுத்து மணி பார்த்தார்கள். நாத்தனார் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"மொபைல்ல பாக்காதீங்க! மொபைல உள்ள வைங்க! வாட்ச் பாருங்க, வாட்ச்!"

சமையலுக்கு வந்திருந்த வங்காளிக்காரர் ஒருவர் கையில் பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்தார். "தாதா, இதர் ஆவோ. டைம் போலோ" என்று இங்கே வந்து மணி சொல்லும்படி இந்தியில் அழைத்து, அவரைக் கரண்டியும் கையுமாகக் கூட்டிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் மணிக்கட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பாலை அடுப்பில் ஏற்றினாள். நான் என் போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அவர் சொன்ன அதே மணிதான் காட்டியது. பிறகு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். எல்லாவற்றிலும் இவளுக்கு ஒரு சாஸ்திரம், போனில் பார்த்தால் தோஷம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றைய நாளில் நான் கவனித்திருக்க வேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் மெசேஜ் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மகள் போனை என்னிடம் நீட்டினாள். நான் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இடம் கிடைத்திருந்தது. அவள் முதலில் எழுதிக் கொடுத்த கல்லூரியே கிடைத்திருந்தது.

உடனே பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் வந்து எண்ணைக் கேட்டது. எண்ணைப் போட்டாள், மறுபடி வட்டம். அப்போது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, கடலிலிருந்து சுவர் மாதிரி வந்தது. வீட்டில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனில் இருந்த சிக்னல் கோடுகளும் ஒவ்வொன்றாகப் போயின.

"டவர் போயிடுச்சு" என்றான் நாத்தனாரின் மகன். "கரண்ட் வந்தா வரும்."

நாத்தனார் பின்வாசலில் வந்து நின்றாள். புதுப் பட்டுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"மருமகளே, என்ன அங்க தொட்டிகிட்ட மாநாடு? மோர் ஊத்த ஆளில்ல. உங்கம்மாவையும் கூட்டிட்டு வா. நம்ம வீட்டு விசேஷத்துல நாம நிக்காம யாரு நிப்பா?"

"அத்தை, எனக்கு சீட் கிடைச்சிருக்கு. அஞ்சு மணிக்குள்ள..."

"அஞ்சுக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கு. வா."

போனோம். எனக்கு மறுத்துப் பேசத் தெரியாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் பந்தி முடிந்ததும் ஓடிவந்து பார்த்தேன். போனில் கோடு வந்திருந்தது, ஆனால் மூலையில் அந்த 'ஆர்' எழுத்தும் இருந்தது. நான் உடனே டேட்டாவை மூடினேன்.

"அம்மா, ஏம்மா மூடுற? கொஞ்சம் விடு, வந்துடும்."

"ஆர் வந்திருக்குடி. அப்பா என்ன சொல்லியிருக்காரு? அது நம்ம டவர் இல்ல. இரு, நம்முது வரட்டும்."

ஏரோபிளேன் போட்டு மடியில் செருகிக்கொண்டேன். இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. இலை போடுவதும் எடுப்பதுமாக இருப்பவர்களுக்கு நேரம் தெரியாது. வெளியே மேகம் மூடிக்கிடந்ததால் வெளிச்சத்தை வைத்துச் சொல்லவும் வழியில்லை. அந்தப் புது வீட்டுக்குப் பரிசாக மூன்று சுவர்க் கடிகாரங்கள் வந்திருந்தன. மூன்றும் காகிதம் பிரிக்காமல் ஷோகேஸ் மேல் அடுக்கியிருந்தன.

கடைசியில் கையைக் கழுவிவிட்டு வந்து ஏரோபிளேனை எடுத்துவிட்டுப் பார்த்தேன். 'ஆர்' அப்படியே இருந்தது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

நான் இரண்டு முறை பார்த்தேன். மகள் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு தொட்டியின் ஓரமாக, ஈரத்திலேயே, அப்படியே உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. "நீ மூடாம இருந்திருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் வந்தாள். "என்னடி ஆச்சு?"

"அஞ்சு தாண்டிடுச்சு அத்தை. போச்சு."

நாத்தனார் குனிந்து அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மணியைப் பார்த்தாள். மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். மறுபடி மணியைப் பார்த்தாள். ஒருவர் முகத்தில் சந்தோஷம் வருவதை, அது வந்துவிடாமல் அவர் அடக்குவதை, அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அப்போது அதற்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. என் மகள் படிப்பு போனதில் இவளுக்குச் சந்தோஷம் என்று மட்டும் நினைத்து, அதற்காகவே இவளை ஜென்மத்துக்கும் மன்னிக்கக்கூடாது என்று நினைத்தேன். விஷயம் அதைவிட மோசமாக இருந்தது.

"போகட்டும் விடு கண்ணு" என்றாள். "உனக்குச் சாமி இங்கதான் எழுதி வச்சிருக்கு. மெயின்லேண்டுக்குப் போயி கண்டவங்க மலமூத்திரம் அள்ளவா உன்னப் பெத்தாங்க?" தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி என் மகள் தலையில் வைத்தாள். மகள் தலையைக்கூட அசைக்கவில்லை. "டேய், மருமகளுக்கு ஒரு இளநி வெட்டு!"

பிறகு கூடத்துக்குப் போய் உரக்கச் சொன்னாள். அந்தக் குரல் பின்பக்கம் வரை கேட்டது.

"எல்லாரும் இருக்கீங்க, நல்ல நாளாவும் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள வெத்தல பாக்கு மாத்திடலாம். தம்பி கப்பல்லேர்ந்து வந்ததும் மத்தத பாத்துக்கலாம். தம்பி என் பேச்சத் தட்டமாட்டான்."

யாரோ கை தட்டினார்கள். பெரிய தாம்பாளம் ஒன்றைத் துடைக்கும் சத்தம் கேட்டது. இடம் கிடைக்காவிட்டால் அக்கா சொல்கிற மாதிரி என்று என் கணவர் சொல்லிவிட்டுப் போன வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அந்த வங்காளிக்காரர் அடுப்புக் கொட்டகையிலிருந்து தலையை நீட்டினார்.

"தீதி! சார் பஜ் கயா. சாய் சடாவூங்?"

நாலு மணி ஆகிவிட்டது, டீ வைக்கட்டுமா என்று கேட்டார்.

கூடத்தில் நாத்தனாரின் பேச்சு நின்றது. "ஹாங், ஹாங், சடாவ், சில்லாவ் மத்" என்று வேகமாக வந்தாள். கத்தாதே என்று அவரைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பப் பார்த்தாள்.

நான் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளி ஆண்களிடம் பேசுவது எனக்கு எப்போதும் சிரமம். ஆனாலும் கொட்டகைக்குள் போனேன்.

"தாதா, கித்னா பஜா?"

கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். நாலைத் தாண்டிப் பத்து நிமிஷம். என் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அரே, மொபைல் மத் தேக்கோ பாபி! இதர் டவர் கயா தோ ஃபோன் பர்மா பகட் லேத்தா ஹை. ஏக் கண்டா ஆகே திகாத்தா ஹை. சப்கோ மாலும் ஹை."

இங்கே நம் டவர் போய்விட்டால் போன் கடலுக்கு அந்தப் பக்கம் பர்மா டவரைப் பிடித்துக்கொள்கிறதாம். ஒரு மணி நேரம் முன்னால் காட்டுமாம். எல்லாருக்கும் தெரியுமாம்.

எல்லாருக்கும் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். இளநீரும் அரிவாளுமாக நின்றிருந்த அவள் மகன் தரையைப் பார்த்தான். நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை, அவள் டீப் பாத்திரத்தைப் பார்த்தாள். அந்த ஊரில் முகூர்த்தத்துக்கு ஏன் வாட்ச் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

மகளைக் கையைப் பிடித்து எழுப்பினேன். "எந்திரிடி. மணி நாலுதான். இது பர்மா மணியாம்."

அவள் ஒரு நொடி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு போனைப் பிடுங்கி எதையெதையோ அழுத்தினாள். "இங்க நம்ம டவர் இல்லம்மா. மெயின் ரோட்டு வளைவுல பஜார் டவர் எடுக்கும். நேத்து பஸ்ல பாத்தேன்."

வளைவு நடக்கிற தூரம்தான், ஆனால் ஏற்றம், மழை வேறு. நாத்தனாரின் மகன் பைக் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் சட்டைப் பையில் சாவி தொங்கியது, கயிறு வெளியே தெரிந்தது. நான் வாய் திறந்து கேட்டேன். "தம்பி, வளைவு வரைக்கும் கொண்டுவிடுறியா?" அவன் அம்மாவைப் பார்த்தான். சாவியை எடுக்கவில்லை.

"விசேஷ வீட்டுலேர்ந்து பொம்பளைங்க இப்படி அலங்கோலமா மழையில ஓடுவாங்களா?" என்றாள் நாத்தனார். "ஊர் என்ன நெனைக்கும்? தாம்பாளம் வச்சாச்சு, வந்து உக்காருங்க."

செருப்பைத் தேடினால் நேரமாகும் என்று வெறுங்காலோடு நடந்தோம். மகள் தலையிலிருந்த மல்லிகையைப் பிய்த்து வழியிலேயே போட்டாள்.

வளைவுக்கு வந்தும் போன் உடனே திரும்பவில்லை. எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த டவரையே பிடித்துக்கொண்டு தொங்கியது. மகள் ஏரோபிளேன் போட்டு எடுத்தாள். மறுபடி போட்டு எடுத்தாள். பிறகு உள்ளே எங்கோ போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேடாதே என்று வைத்து, வந்த பெயர்களில் நம்முடையதைக் கையால் தேர்ந்தெடுத்தாள். ஒரு கோடு வந்தது. 'ஆர்' போனது. என் கண் முன்னாலேயே மணி பின்னால் போய் நாலரையைக் காட்டியது. வாழ்க்கையில் ஒருமுறையாவது நேரம் எனக்காகப் பின்னால் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டேட்டாவைத் திறந்தாள். பக்கம் வந்தது, ஆனால் பழையபடி முதலிலிருந்து எண்ணைக் கேட்டது. மத்தியானம் போட்டதெல்லாம் காலாவதி. மழைத்துளி கண்ணாடியில் விழுந்து அதுவே எதையாவது அழுத்தியது. பட்டுப் புடவையால் துடைத்தால் ஈரம் போகவில்லை, பரவத்தான் செய்தது. மகளின் துப்பட்டாவைப் பிழிந்து துடைத்து, அதையே கூடாரம் மாதிரி போனுக்கு மேல் பிடித்தேன்.

கீழே பைக் சத்தம் கேட்டது. சற்று முன் சாவி எடுக்காத அதே பைக்கில், பின்னால் குடை பிடித்துக்கொண்டு என் நாத்தனார் வந்து இறங்கினாள்.

"ஏம்மா, ரோட்டுல நின்னு என் மானத்த வாங்குறியா? உன் வீட்டுக்காரன் இருந்தா இப்படி ஆடுவியா? குடு அந்தப் போன. தம்பிகிட்ட நான் பேசுறேன்."

"அவரு கடல்ல இருக்காரு அண்ணி" என்றேன். போனைக் கொடுக்கவில்லை.

"ஓடிபி அனுப்பியிருக்கு, வரும்" என்றாள் மகள், யாரையும் பார்க்காமல்.

அப்போது என் போன் அடித்தது. பார்த்தால் நாத்தனார் மகனின் நம்பர். அவன் சும்மா நின்றிருந்தான், அவன் போன் நாத்தனார் காதில் இருந்தது. எனக்கு எதிரில், கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு எனக்கே போன் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் அழைப்பை வெட்டினாள். நெட் போய், பக்கம் வெள்ளையாகிவிட்டது.

"அத்தை, போன் பண்ணாதீங்க! கால் வந்தா நெட் கட் ஆகுது!"

"எனக்கு என்னடி தெரியும் நெட்டும் கட்டும்? உங்கம்மா நேர்ல பேச மாட்டேங்குறா. அதான் போன்ல பேசலாம்னு." சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடி அடித்தது.

நான் அவளை அடிக்கவில்லை. அவள் காதிலிருந்த போனைப் பிடுங்கினேன். அவ்வளவுதான். அவள் வளையல் ஒன்று உடைந்திருக்கலாம், கண்ணாடி வளையல், அது பிடுங்கும்போது உடைந்தது. பிடுங்கிய போனை என் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அவள் மகன் ஒரு அடி முன்னால் வந்தான். நான் அவனைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது, அவன் நின்றுவிட்டான்.

"அரே வா! திருடி! நடுரோட்டுல கை நீட்டுறா பாரு!" நாத்தனார் கத்தினாள். ரோட்டில் போன ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. "நான் என்னடி பண்ணேன்? அஞ்சு தாண்டிடுச்சுன்னு உன் பொண்ணுதான சொன்னா? எனக்கு மணி பாக்கத் தெரியுமா? நான் என்ன உன்ன மாதிரி படிச்சவளா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இருந்தது. என் வயதுக்கு முதல்முறையாக, தேவைப்பட்ட நேரத்தில் பதில் வந்தது.

"காலையில நேரம் பாத்துப் பால் காய்ச்சுனீங்க அண்ணி. மொபைல்ல பாக்காதீங்கன்னு நீங்கதான் கத்துனீங்க. மணி தெரியாதுன்னு சொல்லாதீங்க."

நான் சத்தமாகச் சொல்லவில்லை, எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனால் அவளுக்குக் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஓடிபி இரண்டு சேர்ந்து வந்தன. மகள் முதலாவதைப் போட்டாள், தப்பென்று வந்தது. இரண்டாவதைப் போட்டாள். வட்டம் சுற்றியது. நான் துப்பட்டாவை இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். சம்மதம் என்ற பெட்டி வந்தது. அழுத்தினாள். அது மறுபடி, நிச்சயமாகவா என்று கேட்டது. "ஆமா, ஆமா" என்று போனிடம் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு அப்படியே ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மணி ஐந்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. நம்முடைய மணி.

ஜாக்கெட்டிலிருந்து அந்தப் போனை எடுத்து அவள் மகனிடம் கொடுத்தேன். அவன் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். நாத்தனார் பைக்கில் ஏறி, குடையை விரித்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே அவனிடம் சொன்னாள்.

"போகட்டும்டா. அப்பன் வீட்டுல இல்லாத பொண்ணு, ஆத்தா கை நீட்டுறவ. நமக்கு வேணாம்."

அந்த வார்த்தையை என்றைக்கோ சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் எங்களை அலைக்கழித்திருக்க வேண்டாம்.

அன்று ராத்திரி அவள் வீட்டில் தங்கவில்லை. மழை விட்டதும் பையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். எங்கள் பையை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த வங்காளிக்காரர் ஒருவர்தான். நாங்கள் இறங்கும்போது கூடத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. என் வளையல் உடைந்தது, என் வளையல் உடைந்தது என்று உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியவர்கள் இதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். விசேஷ மும்முரத்தில் பாவம் மறந்திருப்பாள் என்கிறார்கள். என் மகளும்கூட, "விடும்மா, எனக்குத்தான் கிடைச்சிடுச்சே" என்கிறாள். கிடைத்ததால் அவள் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? அவள் குனிந்து அந்த மணியைப் பார்த்தபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் என் மகள் தலையில் பூ வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போர்ட் பிளேர் திரும்பினோம். டிக்லிபூர் பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப யாரும் வரவில்லை. கான்வாய் தாமதமானது. மகள் வழியெல்லாம் தூங்கினாள்.